உஷ்ண சாஸ்திரமும் பள்ளிக்கூட வியாபாரமும்

நமது பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு முடிய உஷ்ணத்தைப் பற்றிய பாடம் வருஷந்தோறும் நடந்து வருகிறது. வெப்பம் பரவும் வழிகள் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என மூன்று என்பதைப் பிள்ளைகள் தட்டுத் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். பரீட்சைத் தாளிலும் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். அதே பிள்ளைகளை அழைத்து, ஒரு பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்தால் சீக்கிரம் உருகுமா, தட்டில் திறந்து வைத்தால் சீக்கிரம் உருகுமா என்று கேட்டுப் பாருங்கள். கம்பளியில் சுற்றியதுதான் முதலில் உருகும் என்று அவர்களில் பெரும்பாலோர் சொல்வார்கள். கம்பளி சூடு தரும் வஸ்து என்பது அவர்கள் வீட்டில் கற்றது. பள்ளியில் கற்ற மூன்று வழிகளும் அந்த எண்ணத்தை ஓர் அங்குலமும் அசைக்கவில்லை. பிள்ளைகளைக் குறை கூறுவது நியாயமாகாது. பட்டம் பெற்ற பெரியோர்களிடமே இதே விடை கிடைப்பதுண்டு.

பாடம் வாயோடு நின்று கைக்கு இறங்காததே இதற்குக் காரணம் என்பது நமது அபிப்பிராயம். ஆகவே ஒரு யோசனையை நேயர்களின் முன் வைக்க விரும்புகிறோம். பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையிலுள்ள பிள்ளைகளுக்கு உஷ்ண சாஸ்திரத்தைக் கற்பிப்பதற்கு, வகுப்புக்கு ஒரு சிறு தொழிலை ஏற்படுத்திக் கொடுக்கலாம். அதில் முதல் போடுவது, சாமான் வாங்குவது, பண்டத்தைச் செய்வது, சோதிப்பது, விலை வைப்பது, விற்பது, லாப நஷ்டக் கணக்கெழுதுவது யாவும் பிள்ளைகளுடைய பொறுப்பாக இருக்க வேண்டும். ஆனால் எந்தத் தொழிலானாலும் போதாது. உஷ்ணத்தைக் காப்பதோ, தடுப்பதோ, வெளியேற்றுவதோ எதன் உயிர்நாடியோ அந்தத் தொழிலாக இருத்தல் வேண்டும்.

அமெரிக்காவில் 2013-ல் வகுக்கப்பட்ட விஞ்ஞானக் கல்வித் தரங்களில், நடுநிலை வகுப்பு மாணவர்கள் உஷ்ணம் கடப்பதை மிகவும் குறைக்கவோ மிகவும் கூட்டவோ வல்ல ஒரு சாதனத்தைத் தாமே திட்டமிட்டு, செய்து, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. குளிர் காக்கும் பெட்டி, சூரிய அடுப்பு முதலியவை அதற்கு உதாரணங்களாகக் காட்டப்பட்டிருக்கின்றன. சாதனத்தைச் செய்வதோடு நிற்காமல் அதை விற்பனைக்குரிய பண்டமாக்கிப் பார்ப்பது அதற்கு அடுத்த படி. நமது தேசத்தில் தில்லி சர்க்கார் பள்ளிகளில் 2019-ல் தொழில் முனையும் மனப்பான்மைக்கென்று ஒரு பாடத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் அது ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளும் படிக்கும் மாணவர்களுக்கு ஏற்பட்டது. பௌதிக சாஸ்திரத்துக்கும் அதற்கும் விசேஷ சம்பந்தமில்லை. வியாபாரம் ஒரு மூலையிலும் சாஸ்திரம் ஒரு மூலையிலுமாக இருந்தால் இரண்டும் பாதிதான் விளங்கும்.

இவ்விரண்டையும் சேர்ப்பது புதிதாக முளைத்த விபரீதமன்று. உஷ்ண சாஸ்திரமே கடைத்தெருவிலும் கொல்லுலையிலும் பிறந்த சாஸ்திரம். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் பழுதுபட்டுக் கிடந்த ஒரு நீராவி யந்திர மாதிரியைச் செப்பனிட 1763-ல் ஜேம்ஸ் வாட் அமர்த்தப்பட்டார். ஒவ்வொரு தடவையும் உருளை குளிர்ந்து மறுபடி சூடேற வேண்டியிருப்பதால் நீராவியில் பெரும் பங்கு வீணாவதை அவர் கண்டார். 1765-ல் ஆவியைத் தனிக்கலத்தில் குளிர்விக்கும் உபாயம் அவருக்குத் தோன்றிற்று. பின்னர் அவரும் கூட்டாளியான போல்டனும் யந்திரத்துக்கு விலை வாங்கிய விதம் கவனிக்கத்தக்கது. பழைய யந்திரத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்கக்காரர்களிடம் வசூலித்தார்கள். வீணாகாத உஷ்ணத்துக்கு விலை! இதைவிட நல்ல வியாபாரப் பாடமும் இதைவிட நல்ல பௌதிகப் பாடமும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

ரம்போர்டு பிரபு பவேரியாவில் பீரங்கிக் குழாய் குடைவதை மேற்பார்த்தபோது, குடையும் உராய்வினாலேயே சுற்றியிருந்த நீர் இரண்டரை மணி நேரத்தில் கொதித்ததை 1798-ல் உலகுக்குத் தெரிவித்தார். நெருப்பின்றி நீர் கொதித்ததைக் கண்டு அருகிலிருந்தோர் திகைத்தனராம். அவரே சிக்கன அடுப்புகளையும் திட்டம் செய்தவர். எந்தத் துணி உடம்பின் சூட்டைக் காக்கும் என்று ஆராய்ந்தவர். ஜூல் என்பவரோ, மான்செஸ்டருக்கு அருகில் சால்போர்டில் பீர் வடிக்கும் தொழிற்சாலையை உடைய குடும்பத்தில் பிறந்தவர். பீர் வடிப்பவனுக்கு உஷ்ணமானிதான் கண். அந்தப் பழக்கம் அவருக்கு, பாரன்ஹீட் டிகிரியில் இருநூற்றில் ஒரு பங்கைக் கூட அளக்கும் துணிவைக் கொடுத்தது. விழும் பாரம் துடுப்பைச் சுழற்ற, துடுப்பு நீரைக் கலக்க, நீர் சூடேறுவதை அளந்து, வேலையும் உஷ்ணமும் ஒன்றுக்கொன்று மாறுபவை என்பதை அவர் 1840-களில் நிலைநாட்டினார். கல்லூரி ஆசிரியர் பதவி வகிக்காத தொழிலதிபர் ஒருவர் சொல்வதைப் பண்டிதர்கள் முதலில் காதில் வாங்கவில்லை. இன்று சக்தியின் அளவைக்கே உலகம் அவர் பெயரை வைத்திருக்கிறது.

இவர்களையெல்லாம் விட நமது சென்னைப் பட்டணத்தோடு நேரான சம்பந்தமுடையவர் ஒருவர் உண்டு. பாஸ்டன் நகரத்து வியாபாரியான பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனியை வெட்டி உஷ்ண தேசங்களுக்கு விற்கலாம் என்று கனவு கண்டார். 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதற் கப்பலை அனுப்பி நஷ்டமடைந்தார். கடனுக்காகச் சிறைக்கும் போய் வந்தார். ஊரார் நகைத்தார்கள். பனியைக் காக்கும் வித்தையைப் படிப்படியாகக் கற்றார். மரமறுக்கும் ஆலைகளில் சீந்துவாரற்றுக் கிடந்த மரத்தூளை வாங்கிப் பனிக்கட்டிகளைச் சுற்றி நிரப்பினார். தூளின் இடுக்குகளில் அடைபட்ட காற்று உஷ்ணத்தை எளிதில் உள்ளே விடாது. 1833 மே மாதத்தில் 180 டன் பனியுடன் பாஸ்டனை விட்ட அவருடைய கப்பல், ஏறத்தாழ நான்கு மாதம் கடலில் மிதந்து, பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து கல்கத்தா சேர்ந்தபோது 100 டன் பனி மிச்சமிருந்தது. சென்னையில் அந்தப் பனியை வைப்பதற்காகக் கடற்கரையோரம் 1842-ல் கட்டப்பட்ட கட்டடமே ஐஸ் ஹவுஸ். விவேகானந்தர் 1897-ல் மேனாட்டிலிருந்து திரும்பியபோது தங்கியதும் அதே கட்டடத்தில்தான். இப்போது அது விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது. வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பும் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது பௌதிக சாஸ்திரத்தின் ஒரு நினைவுச் சின்னம் என்று தெரியும்?

இந்த ஒரு கப்பலை வைத்துக்கொண்டு ஒரு வார காலம் பாடம் நடத்தலாம். ஒரு கிலோ பனி உருக 80 கிலோ கலோரி உஷ்ணம் வேண்டும். 80 டன் உருகியதென்றால் கப்பலின் அடித்தட்டுக்குள் நுழைந்த உஷ்ணம் 64 லட்சம் கிலோ கலோரி. நாளொன்றுக்கு முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவான நஷ்டம். மரத்தூளைக் கூடுதலாகப் போட்டால் உருகுவது குறையும். ஆனால் பனிக்கு இடம் குறையும். எந்த அளவில் நிறுத்துவது? இது பௌதிகக் கேள்வியா, வியாபாரக் கேள்வியா? இரண்டும்தான். அதனாலேயே இதைக் கேட்க வேண்டும் என்கிறோம்.

இனி நமது ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பார் என்ன தொழில் நடத்தலாம்? மண்பானைக் கடையை நாம் முதலிடத்தில் வைப்போம். முதல் சொற்பம், நெருப்பு வேண்டாம், கத்தி வேண்டாம், பண்டம் உடைந்தாலொழிய கெடாது. மாசி பிறந்ததும் கேட்பாரும் உண்டு. பானையின் மெல்லிய துளைகளின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தை உள்ளிருக்கும் நீரிடமிருந்தே பறித்துக்கொள்கிறது. கணக்கு எளிது. பத்து லிட்டர் நீரை 32 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறக்க 70 கிலோ கலோரி வெளியேற வேண்டும். அந்த உஷ்ண நிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி பிடிக்கும். ஆகவே 120 கிராம் நீர், அதாவது ஒரு சிறு டம்ளர் நீர் ஆவியானால் போதும். வெளியிலிருந்து உஷ்ணம் ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருப்பதால் நடைமுறையில் இன்னும் சற்று அதிகம் வேண்டும். பிள்ளைகள் பானையைத் தராசில் வைத்துக் காலையும் மாலையும் நிறுத்தால் இந்த எண் அவர்கள் கண்ணெதிரே எழுந்து வரும்.

வியாபாரம் தொடங்கிய பின்பே உண்மையான பாடம் ஆரம்பமாகும். பானை வாங்கிய வீட்டிலிருந்து புகார் வருகிறது: "நீங்கள் சொன்ன குளிர்ச்சி இல்லையே!" ஏன் இல்லை? கரூரிலோ வேலூரிலோ, காற்று 40 டிகிரி சூட்டிலும் 25 சதவீத ஈரத்திலும் இருக்கும் பகலில், ஈரத்துணி சுற்றிய உஷ்ணமானி ஏறத்தாழ 24 டிகிரி வரை இறங்கும். கடலோரத்தில், 35 டிகிரி சூடும் 70 சதவீத ஈரமும் உள்ள பகலில் அதே உஷ்ணமானி 30 டிகிரிக்கு அருகில் நின்றுவிடும். எந்தப் பானையாலும் அதற்குக் கீழே போக முடியாது. சென்னைப் பிள்ளைகள் கரூர்ப் பிள்ளைகளைப் போல விளம்பரம் எழுதினால் அது பொய் விளம்பரமாகும். இதை உபாத்தியாயர் உபதேசிக்க வேண்டியதில்லை. வாங்கியவர் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார், அதுவே போதும்.

மற்றொன்று. பானைக்குப் பளபளப்பான வர்ணம் பூசினால் விலை கூடும். வாங்குவோரும் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள். ஆனால் எண்ணெய் வர்ணம் துளைகளை அடைத்துவிடும். பானை அழகாயிருக்கும், நீர் குளிராது. இங்கே வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். கேட்பதைக் கொடுப்பதே வியாபாரம் என்று ஒரு கட்சி. குளிராத பானையைக் குளிர்ப்பானை என்று விற்பது மோசடி என்று ஒரு கட்சி. கழுத்துக்கு மட்டும் வர்ணம் பூசி வயிற்றை வெறுமனே விடலாமே என்று ஒரு சிறுமி சொன்னால், அவள் அன்று கற்றதை எந்தப் பரீட்சையாலும் அளக்க முடியாது.

நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் இதே தத்துவத்தை வைத்து, ஒரு பானைக்குள் மற்றொரு பானையை வைத்து இடையில் ஈர மணலை நிரப்பிக் காய்கறி காக்கும் கலம் ஒன்றைப் பரப்பினார். மூன்று நாளில் கெடும் கத்தரிக்காய் அதில் 27 நாள் வரை தாங்கியதாகச் சொல்லப்படுகிறது. அன்றன்று விற்றுத் தீர்ப்பதற்காகத் தெருவில் அலைந்த சிறுமிகள் பள்ளிக்கூடம் போக அவகாசம் கிடைத்தது என்பதுதான் அதில் நம்மை மிகவும் கவர்ந்த செய்தி. குஜராத்தில் வாங்கானேர் ஊரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர் மின்சாரமின்றிக் குளிரும் களிமண் அலமாரியைச் செய்து விற்றுப் பேர் பெற்றார். குயவருடைய சக்கரத்தில் எவ்வளவு சாஸ்திரம் சுழன்றுகொண்டிருக்கிறது என்பதை நாம் இன்னும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை.

சூட்டைக் காக்கும் தொழிலும் உண்டு. ஒரு மரப்பெட்டியில் வைக்கோலையோ பழந்துணியையோ திணித்து, கொதித்த பாத்திரத்தை மூடி அதனுள் வைத்துவிட்டால் மிச்ச வேக்காடு அடுப்பில்லாமலே முடியும். இந்தப் பெட்டியைச் செய்து விற்கப் புறப்படும் வகுப்பு முதலில் ஒரு கணக்கைப் போட்டாக வேண்டும். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். ஆனால் கொதித்த பிறகு கால் லிட்டர் நீரை வீணே ஆவியாக்கினால் அதற்கு 135 கிலோ கலோரி செலவாகிறது. சமையல் வாயு அடுப்பில், எரியும் உஷ்ணத்தில் நூற்றுக்கு 68 பங்கு பாத்திரத்தில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், முன்னதற்கு ஒன்பதரை கிராம் வாயு. பின்னதற்கு 18 கிராம். கொதிக்கிற நீரின் கீழ் தழலைப் பெரிதாக்கினால் நீர் மேலும் சூடாவதில்லை, ஆவிதான் மிகுதியாகப் போகிறது என்ற ஒரே உண்மை, ஒரு வீட்டின் மாதச் செலவைத் தொடுகிறது. நமது தேசத்தில் எரியும் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் அன்னிய நாடுகளிலிருந்து வருவதால் தேசத்தின் பையையும் தொடுகிறது. ஒரு எச்சரிக்கையும் இங்கே வேண்டும். பெட்டிக்குள் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெகுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும். எத்தனை மணி நேரம் அந்தச் சூடு நிற்கிறது என்பதை உஷ்ணமானி கொண்டு அளந்து பெட்டியின் மேல் எழுதாமல் ஒரு பெட்டியையும் விற்கக் கூடாது.

பால் ஐஸ், குல்பி, வெந்நீர்க் குடுவை என்று இன்னும் பல சொல்லலாம். குடுவையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இரட்டைச் சுவருக்கிடையே காற்றை நீக்கிய குடுவையை 1892-ல் செய்தவர் டூவார் என்னும் விஞ்ஞானி. அவர் அதற்கு உரிமைப் பத்திரம் வாங்கவில்லை. 1904-ல் ஜெர்மானியர் தெர்மாஸ் என்று பேரிட்டுக் கம்பெனி தொடங்கிப் பணம் குவித்தார்கள். பிள்ளைகள் இக்கதையைக் கேட்டால் யார் பக்கம் நியாயம் என்று மாலை வரை சண்டையிடுவார்கள். சண்டையிடட்டும்.

இதுவரை சொன்னதைப் படித்த நேயர்களில் பலர், முக்கியமாகப் பொதுவாழ்வில் ஈடுபட்டவர்கள், ஒரு கேள்வியோடு காத்திருப்பார்கள் என்பதை அறிவோம். பள்ளியில் தொழில் என்று சொன்ன மாத்திரத்தில் தமிழ்நாட்டுக்கு 1953-ம் வருஷம் நினைவுக்கு வராமல் போகாது. அவ்வாண்டு முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டு, மிச்ச நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்று ஏற்பாடாயிற்று. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று அது எதிர்க்கப்பட்டது. பெரியார் மட்டுமல்ல, காங்கிரஸிலிருந்தவர்களே பலர் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி விலகி காமராஜர் பதவியேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த அச்சம் பழங்கதையாகிவிடவில்லை. மத்திய சர்க்காரின் 2020-ம் வருஷத்துக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் பத்து நாள் புத்தகப் பையின்றித் தச்சர், குயவர் முதலியோரிடம் பயிலலாம் என்றபோதும் இங்கே இதே கேள்வி கேட்கப்பட்டது. விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2024-ல் ஏற்க மறுத்தபோது சொன்ன காரணத்திலும் குலத்தொழில் பிரச்சினையே முன் நின்றது.

இந்த அச்சத்தை வீண் என்று தள்ளுவோர் கட்சியில் நாம் சேரமாட்டோம். அது நியாயமான அச்சம். பனையேறியின் மகன் பனையேறத்தான் வேண்டும், குயவர் மகள் பானை செய்யத்தான் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த ஒரு சமூகத்தில், பள்ளிக்கூடம் என்பது அந்தக் கட்டளையிலிருந்து தப்பிக்கும் ஒரே வாசலாக இருந்தது. அந்த வாசலில் மறுபடியும் ஒரு பானையைக் கொண்டுபோய் வைப்பவர்கள் எதற்காக வைக்கிறோம் என்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நமது பதில் இது. குலக்கல்வி பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டுத் தொழிலுக்கு அனுப்பியது. நாம் சொல்வது தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து சாஸ்திரத்தின் கேள்விகளுக்கு உட்படுத்துவது. முன்னதில் தகப்பன் தொழில் பிள்ளைக்கு. பின்னதில் எந்தத் தொழிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும். ஒரு விதியை இரும்பு விதியாகவே வைக்கலாம்: எந்தப் பிள்ளைக்கும் அவன் வீட்டுத் தொழிலை வகுப்பில் ஒப்படைக்கக் கூடாது; வேலைகள் வாரந்தோறும் சுழல வேண்டும். தாசில்தார் மகன் பானை சுமக்கட்டும். குயவர் மகள் கணக்குப் புத்தகத்தையும் உஷ்ணமானியையும் வைத்துக்கொள்ளட்டும். பெருக்குவதும் கழுவுவதும் பெண்பிள்ளைகள் தலையில் தானாக வந்து விழுவது நமது ஊர் வழக்கம். அதைத் தடுப்பதற்கும் இந்தச் சுழற்சி பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

கருப்பட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி, இராமநாதபுரம் ஜில்லாக்களில் பதநீர் காய்ச்சும் விடிலியில் புகைக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீரிலிருந்து ஒரு கிலோ கருப்பட்டி என்று வைத்துக்கொண்டால், ஏழு லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். அதற்குச் சூடேற்றுவதையும் சேர்த்து 4,340 கிலோ கலோரி. ஒரு கிலோ காய்ந்த விறகு சுமார் 4,000 கிலோ கலோரி தரும். அடுப்பு உஷ்ணத்தைச் சிந்தாததாயிருந்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விறகு போதும். ஆனால் திறந்த அடுப்பில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பாத்திரத்தில் சேரும். ஆகவே ஏழு முதல் பதினோரு கிலோ விறகு எரிகிறது. மிச்ச உஷ்ணம் எங்கே போகிறது? அந்தப் பெண்களுடைய முகத்துக்கும் கண்ணுக்கும் போகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உஷ்ணமானியோடும் தராசோடும் அங்கே போய் ஒரு நாள் நின்று அளந்து வந்து, அடுப்புக்கு ஒரு புகைபோக்கியும் பக்கச்சுவரும் திட்டம் செய்து கொடுத்து, மிச்சமாகும் விறகின் மதிப்பில் ஒரு பங்கு கேட்கட்டும். வாட்டும் போல்டனும் கேட்டது அதைத்தானே! இதில் பனையேறியின் மகன் குலத்தொழிலைக் கற்கவில்லை. தன் தாய் படும் பாட்டை எண்ணாக்கி அளக்கக் கற்கிறான். பிள்ளைகள் அடுப்பருகில் தள்ளி நின்று அளப்பதோடு சரி; விறகு தள்ளுவதும் பாகு கிண்டுவதும் அவர்கள் வேலையல்ல.

காந்தியடிகள் 1937 அக்டோபரில் வார்தாவில் கூட்டிய மாநாட்டில், கைத்தொழிலை மையமாக வைத்தே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்றார். ஜாகிர் ஹுசேன் கமிட்டி அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. பிள்ளைகள் செய்யும் பண்டத்தின் வருமானத்தால் ஆசிரியர் சம்பளமே கொடுக்கலாம் என்ற பகுதியைப் பேராசிரியர் கே. டி. ஷா அந்த மாநாட்டிலேயே ஆட்சேபித்தார். அந்த ஆட்சேபணை சரியென்றே நமக்குத் தோன்றுகிறது. பள்ளியின் செலவைப் பிள்ளைகளின் கை தாங்க வேண்டுமென்றால் நாளடைவில் பாடம் மறைந்து உற்பத்தி மட்டும் மிஞ்சும். ஆனால் மாநாட்டின் மூலக் கருத்து, கையால் செய்யும்போதே புத்தி விழிக்கிறது என்பது, ஆட்சேபணைக்கு அப்பாற்பட்டது. தஞ்சையில் பிறந்த குமரப்பா, 1934-ல் ஏற்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியபோது அடுப்பையும் விளக்கையும் செக்கையும் பொருளாதார நிபுணரின் கண்ணோடு ஆராய்ந்தவர். அந்தக் கண் நமது பாடப் புத்தகங்களில் வந்து சேரவில்லை.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1986-ம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்ட பின் பதினான்கு வயது நிரம்பாதவர்களை வேலைக்கு அமர்த்துவது குற்றம். ஆகவே வகுப்புத் தொழிலில் கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளி வியாபாரி எவரும் பங்குதாரராக நுழையக் கூடாது. விளம்பரம் தருகிறோம் என்று வரும் கம்பெனிகளையும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். லாபம் வகுப்பு நிதியில் சேரட்டும். அதை உஷ்ணமானி வாங்கவோ, வசதியில்லாத பிள்ளையின் சுற்றுலாச் செலவுக்கோ உபயோகிப்பதைப் பிள்ளைகளே வோட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும். முதல் போட வீட்டிலிருந்து பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஏழைப் பிள்ளை முதல் நாளே தலை குனிவான். முதலைப் பள்ளி கடனாகக் கொடுத்து, விற்றபின் திரும்பப் பெறலாம்.

நமக்கு வேறொரு பயமும் உண்டு. இப்போதே பல பள்ளிகளில் வருஷத்துக்கொரு நாள் பிள்ளைகள் பஜ்ஜியும் பானகமும் விற்கும் சந்தை நடக்கிறது. பெற்றோர் வீட்டில் செய்து கொடுத்ததைப் பிள்ளைகள் விற்க, பெற்றோரே வாங்கித் தின்று திரும்புகிறார்கள். உற்சாகத்துக்குக் குறைவில்லை, பாடந்தான் இல்லை. நமது யோசனையும் அப்படி ஆகிவிடுவதற்கு ஒரு வருஷம் போதும். அதைத் தடுக்க, கணக்குப் புத்தகத்தில் ரூபாய் பத்திக்குப் பக்கத்திலேயே டிகிரி பத்தி ஒன்று இருக்க வேண்டும். எந்தப் பண்டமும் அளவு எடுக்கப்படாமல் விற்கப்படலாகாது. இரண்டு பானைகளை ஒப்பிடும்போது ஒரே நீர், ஒரே நிழல், ஒரே நேரம் என்ற ஒழுங்கு வேண்டும். அதிக லாபம் சம்பாதித்த குழுவுக்குப் பரிசு என்று மட்டும் அறிவித்துவிட்டால் எல்லாம் கெட்டது. விற்காமற்போன பண்டம் ஏன் விற்கவில்லை என்று சரியாக விளக்கிய குழுவுக்கும் அதே மதிப்பு வேண்டும். டியூடருடைய முதற் கப்பல் நஷ்டக் கப்பல் என்பதை நினைவூட்டலாம்.

உபாத்தியாயர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகும். ஐம்பது பிள்ளைகள், ஒரு விஞ்ஞான ஆசிரியர், மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டிய புள்ளி விவரங்கள் என்ற நிலையில் இருப்பவரிடம் பானைக் கடையும் வை என்றால் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். கணித ஆசிரியரும் சமூகப் பாட ஆசிரியரும் இதில் சேர வேண்டும். வாரத்தில் இரண்டு தொடர்ச்சியான பீரியடுகள் ஒதுக்கப்பட வேண்டும். ஒரு பருவம் முழுவதும் உஷ்ணப் பாடம் வேறு எங்கும் நடக்கக் கூடாது, இதிலேயே நடந்து முடிய வேண்டும். கல்வி இலாகா பள்ளிக்குப் பத்து நல்ல உஷ்ணமானிகளும் ஒரு தராசும் கொடுத்தால் போதும். ஒரு கண்காட்சிப் பந்தலுக்கு ஆகும் செலவு கூட ஆகாது.

பானைக்குத் தை மாதத்திலேயே சொல்லிவைத்தால்தான் மாசியில் கைக்கு வரும். வெயில் முற்றும் சமயத்தில் பரீட்சை வந்துவிடுமாகையால், பங்குனிக்குள் விற்று, கணக்கை முடித்து, புத்தகத்தை அடுத்த வருஷத்து வகுப்பாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதில் விற்ற பானைகளின் எண்ணிக்கைக்குக் கீழே திரும்பி வந்த பானைகளின் எண்ணிக்கையும், ஒவ்வொன்றும் எந்தத் தெருவிலிருந்து, என்ன காரணம் சொல்லி, எத்தனை டிகிரியில் திரும்பி வந்தது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.